கணவர் தோளில் விழுந்த பொன்னாடை

எழுபதுகளின் தொடக்கம். பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டுமென்று ஆசிரியை வேலையை விட்டு, ஊராட்சித் தேர்தலில் நின்று வென்றிருந்தேன். திருமுல்லைவாயிலில் எனக்குப் பாராட்டுக் கூட்டம்.

பெண்ணுக்கு ஆண் பொன்னாடை போர்த்துவது அழகல்ல என்று, கூட்டத் தலைவர் அதை என் கணவருக்குப் போர்த்தினார். அவரும் கூச்சத்தோடு கும்பிட்டார். ஒரே கைதட்டல். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கூலிக்காரப் பெண் சட்டென்று எழுந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, ஜெயிச்சது டீச்சரம்மா! ஊட்டுக்காரருக்குப் போத்துறியே? இப்டி குடு, நான் போத்துறேன்!"

மேடையேறி, அதை வாங்கி, என் தோளில் போர்த்திவிட்டுப் போனாள்.

ஊர் ஊராகச் சம உரிமை பேசியவள் நான். அன்று அதைக் கேட்டு வாங்கியவள் அவள். இப்போதும் மேடையேறினால் என் கண்கள் நாற்காலிகளைத் தாண்டித் தரையில்தான் தேடுகின்றன.