அறுபத்தெட்டு வயதுச் சின்னப்பட்டம்

‘பாட்டனாரின் முழுப்பெயர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் கோதண்டராமன் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். எதிரில் இருப்பவர் அவசரப்பட்டாலும் விடமாட்டார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தாத்தா இல்லாம யாரும் பொறக்கிறதில்ல” என்பார். கிடைக்கும் பெயர் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த, செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரனுடையதாக இருந்தாலும், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுவார்.

கண்டியில், அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் பக்கத்துச் சந்தில், மடவளை மர்சூக்கின் போட்டோக்கொப்பிக் கடை வாசலில் அவருக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் உண்டு. சிங்களத்திலும் தமிழிலும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது தொழில். மழை நாளிலும் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலைந்திருக்காது. மத்தியானப் பார்சலைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அரச குடும்பத்தார் சாப்பிடுவதைப் பிறர் பார்க்கக்கூடாது என்று அப்பா பழக்கியது அது.

கண்டியின் கடைசி அரசனை வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்கு அனுப்பியபோது, கப்பலுக்குத் தப்பி இங்கேயே ஒளிந்துகொண்ட ஒரு கிளையில் வந்தவர்கள் தாங்கள் என்று அவர் வீட்டார் நம்பினார்கள். எழுத்தில் ஆதாரம் ஏதும் இல்லை. அப்பா புடவைக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். ஆனாலும் சொந்தக்காரர் நடுவில் அவர்தான் ‘பெரியபட்டம்’. கோதண்டராமனுக்கு ஏழு வயதானபோது கட்டுகஸ்தோட்டை வாடகை வீட்டில் பதினொரு குடும்பங்கள் கூடின. தலையில் சரிகைத் துணியைச் சுற்றி, அடுத்த வாரிசு என்று ‘சின்னப்பட்டம்’ கட்டினார்கள். ஒரு பெரியவர் குலமொழியான தெலுங்கில் நீளமாக வாசித்தார், யாருக்கும் புரியவில்லை. பட்டம் கட்டிய பிள்ளையை இனி யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டார்கள். சாகும்வரை அவள் சொல்லவில்லை.

எழுபதுகளில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவுக்குக் கப்பலேறின. அப்பா செத்தபோது முறைப்படி பெரியபட்டம் கட்ட ஐந்து குடும்பத் தலைவர்கள் வேண்டியிருந்தது. இருந்தவர்கள் இரண்டு பேர். அதனால் அறுபத்தெட்டு வயதிலும் கோதண்டராமன் சின்னப்பட்டம்தான். கச்சேரியில் சிங்களத்தில் ‘மாத்தயா’ என்பார்கள், பாரம் நிரப்ப வருபவர்கள் ‘ஐயா’. மர்சூக்குக்கு அவர் ‘பட்டத்தார்’. “பட்டத்தார், இந்த வாவி உங்கட ஆள் கட்டினதுதானே, மீன் புடிக்க ஒரு பெர்மிட் தாங்களேன்” என்று அவன் கேட்பான். அவரும் சிரிப்பார். சாயங்காலம் ஆறேகாலுக்கு மேசையை உள்ளே வைத்துவிட்டு அறைக்குப் போனால், மறுநாள் காலைவரை அவரோடு பேச ஆளில்லை.

அவருக்குக் கல்யாணப் பேச்சு ஒரே ஒருமுறை வந்தது, அத்தை மகள் நல்லம்மாவோடு. அத்தை வெளியில் ஒரு ரயில்வேக்காரரை விரும்பிக் கட்டியவள். வாரிசுக்குக் கலப்பு ஆகாது என்று அப்பா மறுத்தார். கோதண்டராமன் வாயைத் திறக்கவில்லை. நல்லம்மாவை நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி அவர் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வருவார். அவரைச் சின்னப்பட்டம் என்று கூப்பிட இந்த நாட்டில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

போன மாதம் அவள் கடை வாசலில் வந்து நின்றாள். கனடாவிலிருக்கும் மகள் லோஜினி அவளை நிரந்தரமாகக் கூப்பிட்டுக்கொள்கிறாளாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று, சிறுவயதிலிருந்து தெரிந்த ஒருவர் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். கோதண்டராமன் கதிரையைத் துடைத்து உட்காரவைத்தார். மற்றவர்களுக்குக் கேட்பதுபோலவே ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

“சின்ன வயசுல இருந்து தெரிஞ்சவர் யாரு?”

“நீங்கதான். வேற யாரு இருக்கா?”

“முழுப்பேரு?”

பழக்கத்தில் தமது பேரையே அவளிடம் கேட்டுவிட்டார். நல்லம்மா முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“எனக்குத் தெரியாதுங்களே” என்றாள். “எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.”

உள்ளே இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. கோதண்டராமன் குனிந்தபடியே தமது பெயரைச் சொல்லி, தாமே எழுதினார். அவள் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நல்ல பேருதான் என்றாள். பிறகு, அன்றைக்கு மாமா வேண்டாம் என்றபோது கோதண்டராமன் ஒரு வார்த்தை பேசுவார் என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்ததாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, ஊர்க் கதைபோலச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

குட்ஷெட் பஸ் நிலையம்வரை கூட நடந்தார். நாவலப்பிட்டி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தார். போய்ச் சேர்ந்ததும் பேசுவதாக அவள் சொன்னாள். அவர் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் கூரைத் தூணருகே நின்றார். பஸ் பின்வாங்கித் திரும்பியது. நல்லம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“கோதண்டராமன்!” என்று கூப்பிட்டாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.