மலை பங்களாவுக்குப் பூச்செடி சொன்ன கதை

நர்சரித் தொழிலில், வாங்கிப்போன செடி செத்தால் ஆள் வரும், பூத்தால் வராது. அதனால் பதினொரு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் துக்கம் சொல்ல வந்த முகங்கள்தான். நீங்களும் ஒரு தடவையாவது எங்கள் மாதிரி ஒரு இடத்தில் பூத்துக் குலுங்குகிற தொட்டியைப் பார்த்து மயங்கி, வாங்கிப்போய் வாசலில் வைத்து, அடுத்த வாரமே குச்சியாக்கியவராகத்தான் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நாமெல்லாம் ஒரு கூட்டம்தான்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பிரிகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் நர்சரி. எனக்கு ராத்திரி வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். காவலும் நான்தான், தண்ணீர் விடுவதும் நான்தான். செடிக்கு என்னய்யா காவல் என்பீர்கள். ஒருநாள் கேட்டைத் திறந்து போட்டுப் பாருங்கள். பாதிச் செம்பருத்தியை ஆடு மேயும், மீதியைக் கார் வைத்திருப்பவர்கள் மேய்வார்கள். எனக்கு எப்போதுமே தூக்கம் வராது என்பதால் வேலை பொருந்திப்போனது. பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு சரி. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த தோட்டப் புத்தகங்களையும் பிறகு போனையும் வைத்து, எந்தப் பூமரத்துக்கு எவ்வளவு குளிர் வேண்டும், எந்த மண் வேண்டும் என்று நானாகவே படித்துக்கொண்டேன். ஆனால் அதைக் கேட்கிற ஆட்களெல்லாம் பகலில் அல்லவா வருகிறார்கள்!

வீட்டில் என் மனைவி குறையே சொன்னதில்லை. ஒருநாள் மட்டும் சொன்னாள்: "கதவத் தாப்பாப் போட்டுட்டு ஒத்தையில படுத்து எனக்குப் பழகிப்போச்சுய்யா. பழகிப்போச்சேன்னுதான் வருத்தமா இருக்கு." அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். எப்படியாவது பகல் ஷிப்டுக்கு மாறிவிட வேண்டும்.

பதினோரு மாசம் என்ன செய்யும்?

இருட்டும் முன்னால் ஒரு மணி நேரம் வியாபாரமும் என் கைக்கு வரும். அப்படி ஒரு சாயங்காலம் ஓடைப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். புது வீடு கட்டியிருக்கிறார். பெங்களூரில் இருக்கிற மகன், வாசலில் அழகுக்கு ஒரு மரம் வையுங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறான். ரோஸ் நிறத்தில் பூக்கிற டபேபூயா மரக் கன்றைக் காட்டினேன்.

"காய்க்குமா?" என்றார். காய்க்காது என்றேன். "எலை எதுக்காச்சும் ஆகுமா?" ஆகாது. "ஆடு திங்குமா?" திங்காது. "பெறகு என்னதான்யா செய்யும்?" பூக்கும்ணே, கொள்ளை அழகாக இருக்கும் என்றேன். "எத்தன நாளைக்கு?" மூணு வாரம், மிஞ்சிப்போனால் ஒரு மாசம். "மிச்சம் பதினோரு மாசம்?" சும்மா நிற்கும் என்று உண்மையைச் சொன்னேன். கன்றை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என் மூத்த மருமகனும் இப்படித்தான்யா. வீட்டுக்கு ஒண்ணு போதும்."

தள்ளிப்போன பூ

குமுளிக்காரர் ஒருவர் விஷுவன்று காலையில் முதலில் கண் விழிக்கிற கணித் தட்டுக்கென்றே சரக்கொன்றைக் கன்று வாங்கிப்போனார். நாலு வருஷம் வளர்த்தார். முதல் தடவையாகப் பூத்த வருஷம், போனில் படத்தோடு நேரே வந்துவிட்டார். மரம் முழுக்க மஞ்சள் சரம் தொங்குகிறது. முகத்தில் மட்டும் வெளிச்சமில்லை. விஷு முடிந்து பதினைந்து நாள் கழித்துப் பூத்திருக்கிறது. கணிக்குக் கடைப் பூவைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"மாசி, பங்குனியில தண்ணி ஊத்தினீகளா?" என்று கேட்டேன். "தினமும் ரெண்டு குடம்" என்றார் பெருமையாக. அங்கேதான் கோளாறு. கொன்றை கொஞ்சம் காய வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் இலைதான் விடும், பூவைத் தள்ளிப் போடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "அப்ப அடுத்த வருஷம் விஷுவ நாங்க பதினஞ்சு நாளு தள்ளி வைக்கணுமோ, சேட்டா?"

வாட்ச்மேனும் அட்டையும்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒருவர் மேகமலையில் பங்களா கட்டினார். அவர் வந்தபோது நான் அப்போதுதான் வேலைக்கு வந்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் போனை நீட்டி, "பங்களாவச் சுத்தி இது வேணும்" என்றார். ஜப்பான்காரர்களின் செர்ரிப் பூ. "வச்சிருவோம்ணே" என்றார் முதலாளி. ஆகாயத்தாமரை கேட்டாலும் வச்சிருவோம்ணே என்று சொல்லக்கூடியவர். எனக்கு வாய் நிற்கவில்லை. "அது வராதுண்ணே. ஊரே உறைஞ்சுபோற குளிரு வேணும் அதுக்கு. மேகமலைக் குளிரு காணாது" என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பதியன் கருகியிருக்கும்.

"அப்ப என்னதான்யா வரும்?" என்று வியாபாரி என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. கொட்டித் தீர்த்துவிட்டேன். மார்கழி, தைக்குக் கமேலியா. தேயிலைக்குப் பங்காளிச் செடி அது, தேயிலை நிற்கிற மண்ணில் தானும் நிற்கும். அதற்கடுத்து அசேலியா. பங்குனியில் ஜகரண்டா ஊதாவாக நிறையும். மழை மாசத்தில் ஹைட்ரேஞ்சியா, குடத்தளவு பூ. வருஷம் பூராவும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும் என்றேன். அவர் கையமர்த்தினார். "தை மாசம் கிரகப்பிரவேசம். அன்னைக்குப் பூத்தாப் போதும். மத்த நாளு அங்கன யாரு இருக்கா? வாட்ச்மேனும் அட்டைப்பூச்சியும்தான்."

தைக்குப் பூக்கிற கமேலியாவையும் அதை ஒட்டி வருகிற அசேலியாவையும் அதிகமாகப் போட்டு, மற்றதில் கொஞ்சம் சேர்த்து ஒரு பட்டியல் எழுதினேன். ஆள் போனதும் முதலாளி என்னிடம் வந்தார். "நீதான வாயக் குடுத்த, நீயே செடியப் பாத்து எடுத்துக் குடு. தையில அவரு மனசு குளுந்தா உனக்குப் பகல் ஷிப்டு. கொறை சொன்னாருன்னா காலம் பூராவும் டார்ச் லைட்டோட கெட."

ரோஸ் வாங்கினால் நீலம்

ஆனி மழைக்குச் செடிகள் மலையேறின. எதுவும் சாகவில்லை. நான் நிம்மதியாக இருந்தபோது ஆவணியில் வியாபாரி காரை விட்டு இறங்கினார், கதவை அறைந்து சாத்திக்கொண்டு. "நான் இங்கன பாத்து எடுத்தது ரோஸு. அங்கன பூத்திருக்கிறது நீலம். செடிய மாத்திட்டீக!" ஹைட்ரேஞ்சியாவைச் சொல்கிறார். பகலில் மண் பை நிரப்புகிற பேச்சியம்மாக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வேடிக்கை பார்க்கத் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குப் பகல் ஷிப்டு கண்ணெதிரே கரைவது தெரிந்தது. செடியை மாற்றவில்லைண்ணே, மண்தான் மாறியது என்றேன். மலை மண் புளிப்பு மண், அதில் நின்றால் இந்தச் செடி நீலமாகத்தான் பூக்கும். சுண்ணாம்பைக் கலந்துவிட்டால் அடுத்த பூவெடுப்பில் ரோஸுக்குத் திரும்பும் என்று புத்தகத்தையே எடுத்துவந்து காட்டினேன். அவர் நம்பவா வேண்டாமா என்று நிற்க, பேச்சியம்மாக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "இதுக்கு ஏண்ணே இம்புட்டுக் கோவம்? எங்க வார்டு மெம்பரும் நிக்கிற எடத்துக்குத் தகுந்தாப்புலதான் கலரு மாறுறாக. நாங்க என்ன திருப்பியா குடுத்தோம்?"

கிரகப்பிரவேசம்

முந்தின நாள் மத்தியானம் பங்களாத் தோட்டக்காரர் போனில் படம் அனுப்பினார். கமேலியா எல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகத் திறந்திருக்கிறது. அசேலியாவும் எனக்காக முந்திக்கொண்டு பூத்துவிட்டது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் காலையில் முதலாளி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் தூங்கினார்; நான் விழித்திருந்தேன், வழக்கம்போல.

பங்களா வாசலில் பட்டு வேட்டியும் குரங்குக் குல்லாவுமாக வியாபாரி நின்றார். நான் தோட்டத்தைப் பார்த்தேன். ஒரு பூ இல்லை. வேலி ஓரம் முழுக்கப் பச்சை, வெறும் பச்சை. "எங்கய்யா பூவு? நேத்து செவசெவன்னு இருந்துச்சு. சனம் வந்து நிக்கிற நேரத்துல செடி மொட்டையா நிக்குது. எந்தச் செடியக் கொண்டாந்து வச்ச?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். முதலாளியிடமிருந்து டார்ச் லைட்டை அப்போதே கையில் கொடுப்பதுபோல் ஒரு பார்வை. நான் செடி செடியாக ஓடிப் பார்த்தேன். காம்பு பச்சையாக இருந்தது. உதிரவில்லை, யாரோ நகத்தால் கிள்ளியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பின்பக்கத்திலிருந்து வியாபாரியின் அக்கா ஆரத்தித் தட்டோடு வந்தார். பின்னால் முப்பது பெண்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு கமேலியா. சாமிப் படங்களுக்கு அசேலியா. சமையல்காரர் காதில் ஒன்று, உறவுக்காரர்கள் வந்த பஸ்ஸின் கண்ணாடிக்கு முன்னால் நாலு. முதல்நாளே மலையேறிவந்த கூட்டம், விடிகாலையில் தோட்டத்தையே தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டது! தம்பி கத்துவதைக் கேட்ட அக்கா தட்டை அப்படியே நிறுத்தினார். "ஏலே, அந்த மனுசன ஏன் வையுற? கீழருந்து கொண்டாந்த மல்லியப்பூவு பனியில கன்னிப்போச்சு. பூவு எங்கன்னு செடியக் கேக்காத, எங்க கொண்டையக் கேளு!"

குறட்டை

பந்தி முடிந்து பெண்கள் பஸ் ஏறும்வரை பூ வாடவில்லை. அக்கா வண்டியில் ஏறும் முன், "இந்தப் பூவச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்று கேட்டார். தம்பிக்கு வேறு வழியில்லை, என்னைக் காட்டினார். முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து பகல்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, வேலைக்கு லீவு போடாமலே ராத்திரி வீட்டில் படுத்தேன். தூக்கம் வந்தது என்பதுதான் அதிசயம். காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "இம்புட்டுக் குறட்டை விடுவியா நீயி? தெரியாத ஆளுகூடப் படுத்த மாதிரியே இருந்துச்சுய்யா."

பன்னிரண்டு நாள்

பிறகு வந்தது வினை. மேகமலைக்குப் போய்வந்த அத்தனை தலைகளும் நர்சரிக்கு வந்தன. போடி, தேனி, கூடலூர், அவரவர் அக்கம்பக்கம். எல்லோருக்கும் அந்தப் பூச்செடிதான் வேண்டும். முதலாளி கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு லோடு கமேலியா இறக்கிவிட்டார். நான் என்ன செய்ய? வந்தவர்களிடம் எல்லாம், "ஆத்தா, இது மலைச் செடி. நம்மூரு சித்திரை வெயில்ல நிக்காது, கருகிரும். இட்லிப்பூ வையுங்க, பவளமல்லி வையுங்க, நந்தியாவட்டை வையுங்க" என்றேன். அவர்கள் முகம் சுருங்கி, கேட்டுக்குப் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள், என்னை அல்ல, கமேலியாவை.

நான் பகலுக்கு வந்த பன்னிரண்டாவது நாள் கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு பாயும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். மூன்று கமேலியாவைக் காரிலேயே ஏற்றிவிட்டார்கள். நான் போய் இறக்கினேன். "வீட்டுல எப்படி வெயிலு?" என்று கேட்டேன். மொட்டை மாடியில் வைக்கப் போகிறார்களாம். மொட்டை மாடி! எனக்கு அந்தச் செடிகளின் கடைசி நாள் கண்ணில் தெரிந்தது. வேண்டாம்மா, சித்திரைகூடத் தாங்காது என்றேன். அந்தம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு அடுக்குமல்லித் தொட்டியை எடுத்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீக" என்று போனார். திரும்பினால் முதலாளி நிற்கிறார்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு தொட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். "நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லல. மலைக்குச் செடி எடுக்கணும்னா உன்னத்தான்யா கூட்டிட்டுப் போவேன். ஆனா பகல்ல இங்கன நின்னு, எடுத்த செடிய இறக்கி வச்சு, இது செத்துப்போகும்னு சொல்றதுக்கு எனக்கு ஆளு வேணாம். நாளைக்குச் சாயங்காலமா வந்திரு. ஞாயித்துக்கெழம ராத்திரி மட்டும் வீட்டுல இரு, வேற ஆளப் போட்டுக்கிறேன்."

செடியை விற்கிறவனுக்குப் பகலும், செடியைப் பற்றி உள்ளதைச் சொல்கிறவனுக்கு ராத்திரியும் என்று இந்தத் தொழில் பிரித்து வைத்திருப்பதில், யோசித்துப் பார்த்தால், ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.