கூட்டித் தாரும் என்று நான் கேட்ட மருந்து

1985 பனிக்காலத்தில், நாங்கள் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் கணவருக்கு நெஞ்சில் புற்றுநோய் என்றார்கள். இருந்த மருந்தெல்லாம் கைவிட்டது. நான் அழாத நாளில்லை. புது மருந்தொன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறோம், சம்மதமா என்று டொக்டர் கேட்டார். அதன் சரியான அளவு இன்னும் யாருக்கும் தெரியாதாம். முதலில் மூன்று பேருக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். அவர்களுக்குக் கரைச்சல் இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கூட்டிக் கொடுப்பார்கள். என் கணவர் முதல் மூவரில் ஒருவர்.

நான் மன்னாரில் ஆசிரியையாக இருந்தவள். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் கதைத்தது நான்தான். மருந்து ஏறிய மூன்றாம் நாளே அவருக்கு வயிற்றோட்டம். நாளுக்கு எட்டுத் தரம் போனார். தாதி கேட்டபோது, "ஒன்றுமில்லை, நல்ல சுகம்" என்றேன். வெள்ளைக்காரர் முன்னால் இதையெல்லாம் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வெட்கம். அதைவிட, நன்றாகத் தாங்குகிறார் என்று நினைத்து இவருக்குக் கூட்டித் தருவார்கள் என்ற ஆசை.

"உள்ளதைச் சொல்லுமப்பா" என்றார் என் கணவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றேன்.

கூட்டினார்கள். இவருக்கில்லை, அடுத்த மூன்று பேருக்கு. அதில் ஒருவர் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த எரிக் என்ற டேனிஷ்காரர். எனக்கு வயிறு எரிந்தது. அகதிக்குக் கொஞ்சம், சொந்த நாட்டுக்காரனுக்கு நிறைய என்று நினைத்தேன். எரிக்கின் மனைவி கிர்ஸ்டன் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தருவா. அதைக் குடித்துக்கொண்டே அவவைப் பார்த்துப் பொருமுவேன். தினமும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, எங்களுக்கும் கூட்டித் தாரும் என்று மன்றாடினேன். எரிக் என் கணவருக்கு முன்னம் சுகமாகக் கூடாது என்றும் ஒருநாள் கேட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எரிக் மயங்கி விழுந்தார். வயிற்றோட்டத்தில் உடம்பின் தண்ணீரெல்லாம் வற்றிப்போயிருந்தது. பிழைப்பாரா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. கிர்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் கணவருக்கு இப்படி ஒன்றும் வரவில்லைதானே?" என்று கேட்டா.

என் பொய்யையும் நம்பித்தான் அளவைக் கூட்டினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குள் இருந்த சிற்றாலயத்துக்குப் போய் முழந்தாளில் விழுந்தேன். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். இவருக்கு வேறு மருந்தும் இல்லை. "ஆண்டவரே, எரிக்கைக் காப்பாற்றும். என் வாயைத் திறவும்" என்று மட்டும் கேட்டேன். எழும்பிப் போய் டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஏசவில்லை. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் அளவைக் குறைத்தார், என் கணவருக்கும்தான்.

பத்து நாளில் எரிக் எழும்பி உட்கார்ந்தார். கிர்ஸ்டனிடமும் சொன்னேன். அவ மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்.

சித்திரையில் எடுத்த படத்தில் என் கணவரின் கட்டி பாதியாகியிருந்தது, அந்தக் குறைந்த அளவிலேயே. ஆண்டவருக்கு நன்றி. எரிக்கின் கட்டி அவ்வளவு சுருங்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை, அழுகைதான் வந்தது. என் கணவரின் சுகத்தைவிட, என் மனம் மாறிய இதைத்தான் ஆண்டவர் செய்த பெரிய புதுமையாக எண்ணுகிறேன். இப்போது எங்கள் வீட்டுச் செபத்தில் எரிக்கின் பெயரை நான்தான் முதலில் சொல்கிறேன்.

சகோதரங்களே, அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்து மனம் எரிகிறதா? அளவை ஆண்டவரிடம் விடுங்கள். தாதி வந்து சுகம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள்.