ரெய்னர்ஸ் லேன் ஆளுநர்

சண்முகராசாவுக்குச் சிரிப்பதற்காக யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த மாரிகாலம் முழுக்க அவர் வேலை நேரத்தில் சிரித்துக்கொண்டேயிருந்தார் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தின் நிலக்கீழ் அறையில் பழைய தாள்களை ஸ்கான் பண்ணுவது அவருடைய உத்தியோகம். அந்த முறை வந்த பெட்டிகள், அமெரிக்காவில் காட்டோரமாகக் கிடந்த ஒரு சின்னப் பிரித்தானியக் குடியேற்றத்தினுடையவை. எல்லாம் புரட்சிக்கு முந்திய மாதங்கள். ஒரு பெட்டியில் அந்த ஊர்ப் பத்திரிகை, மற்றதில் ஆளுநர் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள். பத்திரிகையில், வெடிமருந்துக் களஞ்சியத்தை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று இருக்கும். அதே கிழமை ஆளுநர் எழுதுவார்: சனங்கள் அமைதி, என்னில் நல்ல பட்சம், மழைதான் கொஞ்சம் கூட.

"விசரன்," என்று சொல்லிச் சண்முகராசா அடுத்த தாளை எடுப்பார். "வாசலிலை வந்து நிக்கிறாங்கள். மனுசன் மழையைப் பற்றி எழுதுது."

பின்னேரம் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குப் போய் மனைவி நகுலேஸ்வரிக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அவ கேட்டபடி வெங்காயம் வெட்டுவா.

இவரும் ஒருவகையில் பத்திரிகைக்காரர்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துக்குப் பல வருடமாக அவரே செயலாளர். சங்கத்தின் செய்தி மடலை எழுதுவதும் அச்சடிப்பதும் முத்திரை ஒட்டுவதும் அவரே. ஒருமுறை கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி ஒருவரோடு ஒருவர் அடிபட்டார்கள். இன்னொரு முறை, தான் அன்பளிப்பாகக் கொடுத்த கதிரைகளை ஒருவர் கோபத்தில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக, மிச்சக் கூட்டம் நின்றபடி நடந்தது. இரண்டு முறையும் மடலில் ஒரே வரிதான்: "கூட்டம் சுமுகமாக நிறைவுற்றது."

காப்பகத்தில் அவர் ஓர் அடையாள அட்டை. வீட்டில் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கிற ஆள். 'செயலாளர்' என்ற ஒரு சொல்லில்தான் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கலியாண வீடுகளில் முன்வரிசை கிடைத்ததும் அந்தச் சொல்லால்தான். அது போனால் தான் யார் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை, யோசிக்கத் துணிவும் இல்லை.

வருடாந்தப் பொதுக்கூட்டம் கிட்ட வர அவருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"இஞ்சரும் நகுலா, சயந்தன் கொஞ்ச நாளா ஒரு குறையும் சொல்லேல்லை."

சயந்தன் சங்கத்தின் இளம் கணக்காளர். வாட்ஸ்அப்பில் முறையிடுவதே அவனுடைய பொழுதுபோக்கு.

"நல்லதுதானே," என்றா நகுலேஸ்வரி.

"என்ன நல்லது? அந்தக் குடியேற்றத்திலையும் இப்பிடித்தான். கத்தினவன் வாயை மூடினான், அடுத்தது துவக்குச் சூடு."

"ஆர்ச்வே மண்டபத்திலை துவக்கு இல்லை, தின்ன ரோல்ஸும் பற்றிஸும்தான். முதல் ஒரு இடத்திலை இருங்கோ. நீங்கள் நடக்கிற நடையிலை காப்பெற் தேயுது."

அவர் இருக்கவில்லை. நடந்தபடியே தலைவர் யோகலிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, கவனம். உம்மைக் கவிழ்க்கப் பாக்கிறாங்கள்."

"ஓம் அண்ணை, கவனமா இருக்கிறன். அண்ணை, கூட்டத்துக்கு ஒரு பொன்னாடை எடுத்து வையுங்கோ."

"ஆருக்கு?"

"அதைப் பிறகு சொல்லுறன்."

பிரதம விருந்தினருக்காக்கும் என்று அப்டன் பார்க் துணிக்கடைக்குப் போனார். யாரோ ஒருவருக்குத்தானே என்று ஒடுங்கின கரைப் பொன்னாடையாகப் பார்த்து எடுத்தார். புரட்சி நேரத்தில் அகலக் கரைக்குச் செலவழிப்பது அழகல்ல.

கூட்ட நாள் வந்தது. ஆர்ச்வே மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய் அரண் அமைத்தார். சயந்தனின் ஆட்களுக்குப் பின்வரிசை, அதுவும் ஹீட்டர் வேலை செய்யாத பக்கம். புதிய நிர்வாகத் தெரிவு நிகழ்ச்சிநிரலில் கடைசி, சாப்பாட்டுக்கு முதல். பசியில் ஒருவரும் புரட்சி செய்யமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. மைக்கைத் தன் கையிலேயே வைத்திருந்தார், யோகலிங்கம் வந்து மெதுவாக வாங்கும்வரை.

"எங்கள் சங்கத்தின் தூண்," என்று தொடங்கினார் யோகலிங்கம். "தன்ரை வாழ்க்கையையே இந்தச் சங்கத்துக்குத் தந்தவர்."

சண்முகராசா விருந்தினர் எங்கே என்று வாசலைப் பார்த்தார். மண்டபம் சண்முகராசாவைப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து சயந்தன் எழும்பி வந்தான். கையில் ஒடுங்கின கரை.

லண்டன் தமிழ்ச் சங்கங்களில் யாரையும் பதவியிலிருந்து கலைப்பதில்லை, அது பண்பாடு அல்ல. பொன்னாடை போர்ப்பார்கள். போர்க்கப்பட்டவர் கைகூப்பி, சிரித்து, கண் கலங்கித் திரும்பினால் அவருடைய கதிரையில் இன்னொருவர் இருப்பார். இந்த முறையைச் சங்கத்துக்கு அறிமுகப்படுத்தியவரே சண்முகராசாதான். பழைய பொருளாளர் செபமாலைமுத்துவை அவர் இப்படித்தான் வழியனுப்பினார். அந்தக் குடியேற்றத்தில், பாவம், பொன்னாடை இல்லை. அதனால்தான் வெடிமருந்துக்கு அலைந்தார்கள்.

சயந்தன் ஏகமனதாகச் செயலாளரானான். பொன்னாடைக்குள்ளிருந்து சண்முகராசாவும் கையைத் தூக்கினார்.

ரயிலில் நகுலேஸ்வரி பொன்னாடையை மடியில் விரித்துப் பார்த்தா. "கரை சரியான ஒடுக்கம்."

அவர் யன்னலைப் பார்த்தார். "உமக்கு முதலே தெரியுமோ?"

"யோகலிங்கத்தின்ரை மனுசி போன மாசமே சொன்னவ. இனிச் சனிக்கிழமையிலை வீட்டிலை இருப்பியள் எண்டு பேசாமல் விட்டிட்டன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால்? நீங்கள் மழையைப் பற்றிக் கதைச்சிருப்பியள்."

திங்கட்கிழமை ஆளுநரின் கடைசிக் கடிதம் ஸ்கானருக்கு வந்தது. ஊரைவிட்டுத் தப்பி, கப்பலில் இருந்து எழுதியது. ஒருசிலர்தான் கெட்டவர்கள், சனங்கள் என் வருகைக்குக் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் ஆட்களை அனுப்பினால் போதும் என்று இருந்தது. சண்முகராசா சிரிக்கவில்லை. மடங்கிக் கிடந்த மூலையை விரலால் நிமிர்த்தி, இன்னொருதரம் வாசித்தார்.

"சும்மா சொல்லக்கூடாது," என்றார். "மனுசன் சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் கிடக்கு."

சாப்பாட்டு நேரத்தில் மேலே வாசலுக்கு ஏறி வந்து, சங்கத்தின் மூத்த உறுப்பினர் கிறிஸ்துராஜாவுக்குப் போன் எடுத்தார். அவரும் ஏகமனதில் ஒருவர்.

"கிறிஸ்துராஜா, சனம் என்னைத் தேடுது போல கிடக்கு. நாங்கள் புதுசா ஒரு சங்கம் தொடங்கினால் என்ன?"

"இஞ்சை சரியான மழை அண்ணை," என்றார் கிறிஸ்துராஜா. "பிறகு எடுக்கிறன்."

கிறிஸ்துராஜா இருப்பது காப்பகத்துக்கு அடுத்த தெருவில். சண்முகராசா போனைப் பையில் போட்டுவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி வாசலில் அங்கும் இங்கும் நடந்தார்.