நூற்றிருபதும் தெருப் பெஞ்சும்

சட்டைப் பையிலிருந்து பல் வைத்தியரின் குட்டிக் கண்ணாடியை எடுத்து, ஒருமுறை ஊதித் துடைத்து, சுவரில் மாட்டியிருந்த டிவியின் முதுகுக்குப் பின்னால் நுழைத்தார் ஒடூயா. திரையை அவர் இன்னும் பார்க்கவில்லை. எந்த வீட்டிலும் பார்ப்பதில்லை. டிவிக்கு முகம் என்று ஒன்று இருப்பதை வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டவர்போல நடந்துகொள்வார். பின்பக்கத்தில் எறும்பு அளவுக்கு அச்சடித்த எழுத்துகள் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும். அவற்றைச் செய்தித்தாள்போல வாசிப்பார். நேராக எழுதிய கடிதத்தைக் கொடுத்தால்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்.

"மூணாவது போர்ட்லதான் மாட்டியிருக்க. சரியானதுதான்," என்றார் கடைக்கார அபொண்டியிடம். "இதுக்கு நாலு வாய் இருக்கு. அதுல ரெண்டுதான் வேகமா முழுங்கும்."

கிசுமு நகரத்தில் கைவேலை தெரிந்த எவரும் ஃபுண்டிதான்; தச்சரும் ஃபுண்டி, கொத்தனாரும் ஃபுண்டி. ஆனால் கொண்டேலேப் பகுதியில் கேம் கடை வைத்திருப்பவர்கள் வெறுமனே ஃபுண்டி என்றால் அது ஒடூயாதான். ஐம்பது வயது. வீட்டில் டிவி கிடையாது, ரேடியோ மட்டும். வேகமாக ஓடும் படம் வயிற்றைப் புரட்டுமாம். நொடிக்கு அறுபது படம் ஓடினாலும் நூற்றிருபது ஓடினாலும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அதை அவர் மறைப்பதும் இல்லை. "ஆடுறவன் வாயைக் கேட்டாப் போதும். அறுபதுன்னா தோத்தவன் மெஷினைத் திட்டுவான். நூத்திருபது வந்துட்டா பக்கத்துல இருக்கறவனைத் திட்டுவான்." இந்த அளவுகோல் இதுவரை பொய்த்ததில்லை.

அபொண்டியின் கடைக்கு அன்று அந்த நூற்றிருபது வந்தே ஆகவேண்டும். சனிக்கிழமை கால்பந்து கேம் போட்டி, நகரத்தின் எல்லாக் கடைகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள். நடத்துபவர்களின் ஆள் அன்றே மூன்று மணிக்கு வந்து சோதிப்பார். திரையில் நூற்றிருபது தெரியாவிட்டால் போட்டி பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். பின்னாலேயே ஆட்டக்காரர்களும் போய்விடுவார்கள். இதற்காகவே அபொண்டி புது டிவியும் புது கன்சோலும் வாங்கிப் போட்டிருந்தாள். கன்சோலோ, இந்த டிவியில் அது முடியாது என்று நான்கு நாளாக ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. மணி ஒன்றரை.

"கடைசியா எதைத் தொட்ட?" ஒடூயா எல்லாரிடமும் கேட்கும் கேள்வி.

"எதையும் தொடல." எல்லாரும் சொல்லும் பதில்.

"சந்தோஷம். அந்த எதையுமை இப்பத் தேடுவோம்."

டிவியின் அமைப்பில் அந்த போர்ட்டுக்கு வேகம் திறந்துதான் இருந்தது. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனார். கீழே இரும்புக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்த கன்சோலுக்கு நேராகப் போகவேண்டிய கேபிள், வழியில் காலண்டருக்குப் பின்னால் ஒதுங்கியது. அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு கேபிள் போய் வெளியே இரண்டாக வந்தது. இரண்டாவது, சுவர்த் துளை வழியாகத் தெருவுக்குப் போனது.

தெருவில், தகரக் கூரைக்கு அடியில், அபொண்டியின் பழைய டிவி. அதற்கு எதிரே ஒரு பெஞ்சு. ஆடத் தெரியாத, ஆனால் எப்படி ஆட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஐந்தாறு பேர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஞாங்வேசோவின் தலைமையில் தினமும் அங்கே கூடுவார்கள்.

"இதை ஏன் சொல்லல?"

"அது கேமுக்கு இல்லையே ஃபுண்டி, பெஞ்சுக்கு."

ஒடூயா பெட்டியைக் கையில் எடைபோட்டார். "எதிர்ல யாரு, எவ்வளவு சாப்பிடுவீங்கன்னு கன்சோல் கேக்குது. இந்தப் பெட்டி ரெண்டு டிவியையும் விசாரிக்குது. ஒண்ணு உகாலிக் களியை உருட்டி உருட்டி முழுங்கும். இன்னொண்ணுக்குப் பல்லே இல்ல. ரெண்டு பேருக்கும் சேத்துக் கஞ்சி போதும்னு இது சொல்லிடுது."

கன்சோலோடு வந்த நல்ல கேபிள், நல்லதாக இருந்த காரணத்தால், பாலித்தீன் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அதைப் பிரித்து நேராக மாட்டினார். திரை இருண்டது, இரண்டு மூச்சு நேரம் கழித்து விழித்தது. காத்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் ஆடத் தொடங்கினார்கள். ஒரு நிமிஷத்தில் ஒருவன் மற்றவனைப் பார்த்து, "உன் கை என்ன கையா, உகாலி கிண்டுற கரண்டியா?" என்றான்.

"வந்துடுச்சு," என்றார் ஒடூயா, திரும்பாமலே.

அதற்குள் ஜன்னலில் ஞாங்வேசோவின் தலை. "அபொண்டி, எங்க ஆட்டத்தை யாரு தின்னது?"

"பெரியவரே, சனிக்கிழமை போட்டிக்காக..."

"போட்டி கிடக்கட்டும். பெனால்டி அடிக்கப் போனானே, அடிச்சானா?"

அபொண்டி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு பழைய கன்சோலோடு கடை தொடங்கியபோது, இங்கே ஏதோ நடக்கிறது என்று தெருவில் போனவர்களை நிற்க வைத்ததே அந்தப் பெஞ்சுதான். "இதைத் திரும்ப மாட்டினா என்ன ஆகும் ஃபுண்டி?"

"கஞ்சி."

டிவி மாட்டியிருந்தது ஜன்னல் இருந்த அதே சுவரில். தெருவிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆடுபவர்களின் முகம் தெரியுமே தவிர ஆட்டம் தெரியாது. ஒடூயா வெளியே போனார். ஆள் விவகாரம் தன் வேலை இல்லை என்று பலமுறை சொன்னவர். போய்விட்டார் என்றே அபொண்டி நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரும் பக்கத்துச் சலூன்காரரும் ஆளுயரக் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே கழுத்தில் துணியும் தலையில் பாதி முடியுமாக ஒரு வாடிக்கையாளர். கண்ணாடியை டிவிக்கு எதிர்ச்சுவரில் சாய்த்ததும், ஜன்னலுக்கு முழு மைதானமும் தெரிந்தது. பாதி முடிக்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு ஜெப்கோரிர் என்ற பெண் வந்தாள். திரையின் மூலையில் நூற்றிருபதைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"பெஞ்சுக்கு," என்றாள் அபொண்டி.

ஜெப்கோரிர் அதையும் குறித்துக்கொண்டாள். "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சுடுவோம்."

ஜன்னலில் மட்டும் முணுமுணுப்பு ஓயவில்லை.

"இவன் எப்ப இடது காலுக்கு மாறினான்?"

"அதை விடுப்பா. யாரு ஜெயிக்கறான்னே தெரியல. நம்பரெல்லாம் திரும்பிக் கிடக்கு."

ஒடூயா சாமான்களை மூட்டை கட்டி, குட்டிக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சின் ஓரத்தில், பாதி முடிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, கண்ணாடியில் இடவலம் மாறிக் கிடந்த ஸ்கோரைப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரலும் இடது கையில் ஒரு விரலும் உயர்த்திக் காட்டினார். ஒரு கணம் யோசித்து, வலது கையில் ஒரு விரலை மடக்கி, இடது கையில் ஒன்றை நிமிர்த்தினார்.