போட்டோ அக்காவின் பிரஷ்

என் எழுதும் மேசையில் பேனாக்கள் நிற்கும் டம்ளரில் அரை அங்குல பெயிண்ட் பிரஷ் ஒன்றும் நிற்கிறது. கைப்பிடியின் பச்சைச் சாயம் பாதி உரிந்துவிட்டது. முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் ஓவியம் வரைவேனா என்று கேட்பார்கள். ஒரு கோடுகூட நேராக இழுக்க வராதவள் நான். ஆற்காட்டிலிருந்து அம்மா வரும்போதெல்லாம் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடப் பார்ப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிப்போய் அதைக் காப்பாற்றுவேன். அது போட்டோ அக்கா எனக்குக் கொடுத்தது.

பெங்களூரில் ஓர் ஆங்கில இணைய இதழில் எனக்கு வேலை. இந்திராநகரில் எங்கே சாப்பிடலாம் என்று வாராவாரம் எழுத வேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் பொறாமையாக இருக்கும். ஆனால் அந்தப் பேட்டையைப் பற்றி எழுதுவது ஓடுகிற பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. போன மாதம் ஜப்பானிய நூடுல்ஸ் விற்ற வீட்டில் இந்த மாதம் புளித்த மாவு ரொட்டி விற்பார்கள். மாமரத்தோடு இருந்த பழைய வீடுகளை மரத்தை மட்டும் விட்டுவைத்து கஃபே ஆக்கியிருப்பார்கள். மரத்தடி மேசைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கேலியாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு அந்தத் தெருக்கள்மேல் கொள்ளை ஆசை. சின்ன ஊரில் மூன்றே மூன்று ஓட்டல்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

போட்டோ அக்கா எங்கள் இதழின் படக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பக்கத்திலேயே மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், தான் மொழி மாறியதே அவருக்குத் தெரியாது. அவருடைய பையில் கேமராவோடு ஒரு சின்னப் பாட்டிலில் சமையல் எண்ணெயும் இந்தப் பிரஷ்ஷும் இருக்கும். தட்டு மேசைக்கு வந்ததும் ஒரு தடவு தடவுவார். ஆறிப்போன இட்லிகூட அப்போதுதான் இறக்கியதுபோல மின்னும். படமெடுத்து முடிய அரை மணி நேரமாகும். அதனால் ஊரே சுடச்சுடச் சாப்பிட்டதை நாங்கள் இரண்டு பேரும் ஆறிய பிறகுதான் சாப்பிட்டோம். அதற்கு ஈடுகட்டுவதுபோல, வேலை முடிந்ததும் தர்ஷினி என்கிற சின்ன ஓட்டல் ஏதாவது ஒன்றில் நின்றுகொண்டே சூடாக பை டூ காபி குடிப்போம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றித் தருவது இந்த ஊர் வழக்கம். அக்கா இரண்டு டம்ளரையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டு கூடக்குறையத் தெரிந்தாலும் மாற்றி ஊற்றுவார். பை டூ என்றால் சரிபாதி என்பது அவருடைய கொள்கை.

ஒரு காய்ச்சல் வந்து போனதோடு என் மூக்கு போயிற்று. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும். அதற்குமேல் எதுவும் கிடையாது. ரசம் வெந்நீராகவும், பிரியாணி வெறும் சோறாகவும் இருந்தது. டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவள் மூக்கு இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன். ஏழு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணால் பார்த்து, பழைய ஞாபகத்தில் எழுதினேன். யாருக்கும் தெரியவில்லை என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாட்டினேன். புதிதாகத் திறந்த ஒரு கஃபேயில் தினைப் பொங்கல் வைத்தார்கள். அன்றைக்கு அது எங்களுக்கு மூன்றாவது கடை. அந்தப் பெண் முதலாளி பேசப் பேச, நான் முந்தைய கடையின் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல ஒரு தடவு தடவினார், பொங்கல் பளபளத்தது. ஆற்காட்டுக்காரிக்குப் பொங்கல் பளபளத்தால் வேறென்ன தோன்றும்? தட்டு மேசைக்கு வரும் முன்பே நெய் மணம் வந்துவிடுகிறது என்று எழுதினேன். அந்தக் கடையிலோ பால், தயிர், நெய் எதையும் வாசல்படி ஏற விடுவதில்லை. அதையே கொள்கையாக வைத்துக் கடை திறந்திருந்தார். வாசலில் பலகையும் இருந்தது. கட்டுரை வெளியான பிறகு, அக்கா எடுத்த படத்தில்தான் அந்தப் பலகையை முதல்முதலாகப் படித்தேன்.

நம்பி வந்தவர்கள் ஏமாற்றிவிட்டாயே என்று கேட்டதாகச் சொல்லி அந்தப் பெண் போனில் அழுதாராம். மதியத்துக்குள் கட்டுரையை எடுத்துவிட்டார்கள். இதழாசிரியர் என்னை மறுநாள் காலை வரச் சொன்னார். இரவெல்லாம் ஒரே ஒரு பதில்தான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. படம் எடுப்பவர் தட்டில் என்னத்தையோ தடவினார், அதனால் குழம்பிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அக்காவின் வேலை போயிருக்கும், என் வேலை தப்பியிருக்கும். ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

காலையில் அலுவலகத்துக்குக் கீழே தர்ஷினியில் அக்கா நின்றிருந்தார். பை டூ சொல்லி, இரண்டு டம்ளரையும் சரிபார்த்து, என் பக்கம் ஒன்றைத் தள்ளினார். பிறகு பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது இன்னா வாசன, சொல்லு."

எண்ணெய் என்றேன்.

"அது பாத்தாலே தெரியும். நல்லா மோந்து பாத்து சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் கழுவாத அந்தப் பிரஷ்ஷில் அடித்த சிக்கு வாடைக்குப் பக்கத்து மேசைக்காரர் முகத்தைச் சுளித்துத் திரும்பியதைப் பார்த்தேன். எனக்கு அது வெறும் காற்று. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"எத்தன நாளா?"

ஏழு மாதம் என்றேன்.

"ஏழு மாசமா காலி மூக்க வெச்சுக்கினு ஊருக்கே சாப்பாடு சொல்லிருக்க. சும்னே என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?" அவருக்குக் கோபம்தான். ஆனால் காபி ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார்.

ஆசிரியர் அறையில் நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்லவில்லை. மூக்கைப் பற்றியும் ஏழு மாதத்தைப் பற்றியும் சொன்னேன். கூப்பிடாமலே பின்னால் வந்து நின்ற அக்கா, எண்ணெய் தடவியது தான்தான் என்றும், அந்தக் கடையில் தடவுமுன் கேட்டிருக்க வேண்டும் என்றும் அவராகவே சொன்னார்.  இதற்குமேல் நான் எப்படி எழுதுவேன் என்று ஆசிரியர் கேட்டார். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"நான் சாப்ட்டு சொல்றேன், இவ எழுதட்டும் சார். ஆனா பேரு பை டூ."

அதுவரை அக்காவின் பெயர் எங்கள் இதழில் ஒருமுறைகூட வந்ததில்லை. எத்தனையோ படங்கள், எல்லாவற்றுக்கும் கீழே 'எங்கள் குழு' என்றுதான் இருக்கும். ஒவ்வொரு காபியையும் கண்ணுக்கு நேரே தூக்கி அளந்தவருக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆசிரியர் ஒப்புக்கொண்டார். முதல் வேலையாக, மூக்கு இல்லாமல் எழுதியதைச் சொல்லி இதழில் மன்னிப்புக் கேட்டோம். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. பொங்கல் கடைப் பெண் எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, கிண்ணத்தை அக்கா பக்கம் வைத்து, எண்ணெய்ப் பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அன்று மாலை அக்கா பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தார். தினமும் காலையில் மோந்து பார்க்க வேண்டும். கழுவக் கூடாது. "என்னிக்கு இது நாறுதோ, அன்னிக்கு நீ தனியா எழுது" என்றார்.

அதற்குப் பின் வந்த மாதங்கள்தான் என் வேலையிலேயே நல்ல மாதங்கள். அக்கா ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பைக் குடித்துவிட்டு, "பாயாதான், மொளகு போட மறந்துட்டாங்க" என்பார். விலை உயர்ந்த காளான் எண்ணெய் ஊற்றிய பாஸ்தாவுக்கு, "கேஸ் லீக்கான மாதிரி இருக்கு, ஆனா திரும்ப மோந்து பாக்கத் தோணுது" என்றார். புளித்த மாவு ரொட்டி அவருக்கு நேற்றைய மாவில் சுட்ட தோசை. நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். என் பழைய அலங்காரச் சொற்களுக்கு வராத கடிதங்கள் அவருடைய சொற்களுக்கு வந்தன. பிறகு பின்சந்துகளுக்கும் கூட்டிப்போனார். மதிய நேரக் கூட்டம் வடிந்ததும் அந்தக் கஃபேக்களின் சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாள் முழுக்க வேறு ஊர்ச் சாப்பாடு சமைத்த கைகள் அங்கே கேழ்வரகு முத்தே உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருக்கும். இந்திராநகரில் எங்கே சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அந்தச் சந்துகளும் பதில் என்று எனக்கு முன்பு தோன்றியதே இல்லை.

ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்த்துவிட்டு வழக்கம்போலப் பிரஷ்ஷை எடுத்து முகர்ந்தேன். குமட்டியது. பழைய எண்ணெயின் சிக்கு வாடை, தலையணை உறையில் வருமே, அதே வாடை. ஏதோ கற்பனை என்று நினைத்து மறுபடியும் முகர்ந்தேன். மறுபடியும் குமட்டியது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் ஒரு கெட்ட எண்ணம் வந்தது: சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? சொன்னால் பை டூ முடிந்துவிடும். ஒருமுறை மூக்கு போனதை மறைத்தவள், இப்போது மூக்கு வந்ததை மறைக்கப் பார்த்தேன். உடனே போனை எடுத்தேன்.

நாறுகிறது அக்கா என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சரி, ஆய்த்து. இனிமே நீ தனி, நானும் தனி" என்றார். ஆசிரியரிடம் தனக்கென்று ஒரு பக்கம் கேட்டு வைத்திருக்கிறார். நாறட்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

இப்போது அக்கா வாரம் ஒரு பக்கம் எழுதுகிறார், படமும் அவரே. சிவாஜிநகர் சந்துகளில் தொடங்கி ஊரின் கோடியில் இருக்கும் ஹெப்பகோடி வரை போய்விட்டார். ஷிப்ட் முடிந்து வரும் ஆலைத் தொழிலாளிகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது போன வாரத்துக் கட்டுரை. தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார், ஆங்கிலமாக்கித் தருவது நான். மேலே அவர் பெயர் மட்டும் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் தர்ஷினியில் சந்திக்கிறோம், காபி மட்டும் இன்னும் சரிபாதி. போன வெள்ளியன்று பிரஷ்ஷைத் திருப்பிக் கேட்டார். கடையில் புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்று இந்திராநகர் பன்னிரண்டாவது மெயின் ரோட்டில் ஒரு புதுக் கடைக்குப் போக வேண்டும். கிளம்புமுன் டம்ளரிலிருந்து பிரஷ்ஷை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். நன்றாக நாறியது.