காப்பை அவிழ்க்காதவள்

நான் நர்சாக இருந்த ஆம்பூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கு இடம் வாசல் கேட்டோடு சரி. அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் ஜாஸ்தியாக வருவார்கள் என்பதால் டாக்டரம்மா போட்டிருந்த சட்டம் அது. புருஷன்மார்கள் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். உள்ளே அவர்கள் கொடுத்த வியாதிக்கு நாங்கள் மருந்து கொடுப்போம்.

அந்த வியாதிக்கு ஊரில் வைத்திருந்த பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்பளை சீக்கு. ரயிலேறிப் பட்டணம் போய் வாங்கிக்கொண்டு வருகிறவன் ஆண்பிள்ளை, பெயர் மட்டும் நம் தலையில். இதைச் சொல்லிச் சொல்லியே ஆஸ்பத்திரியில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கும் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். பிறந்த ஊர் அணைக்கட்டுப் பக்கம். புருஷன் தோல் மூட்டைகளோடு அடிக்கடி பட்டணத்துக்குப் போய் வருகிறவன். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே செத்துப் பிறந்திருந்தன. மாமியார் அவளைக் கோயில் கோயிலாகச் சுற்ற வைத்துவிட்டு, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தாள். ரத்தத்தைச் சோதித்ததில் நோய் தெரிந்தது. வாராவாரம் ஊசி. கை வீங்கும், வாந்தி வரும், மறுநாள் அதே கையால் பட்டை இடிப்பாள். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தாள். நோயாளிகளிடம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாதவள் நான். அவளிடம் ஒட்டிவிட்டேன்.

ஊசி எல்லாம் முடிந்து ரத்தமும் சுத்தமான அன்று டாக்டரம்மா அவளை உட்கார வைத்துச் சொன்னார். புருஷன் உடம்பிலும் இது இருக்கிறது. அவனும் ஊசி போட்டு முடிக்கும்வரை அவனோடு சேரக் கூடாது. சேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தாள்.

"நர்சம்மா, அவுரு வர மாட்டாரு. ஆம்பளைங்க போற சர்க்கார் ஆஸ்பத்திரியில மருந்து கலக்குறவரு எங்க தெருக்காரரு. ஊரே சிரிக்கும்ன்றாரு."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"அவருக்குப் போட வேண்டியதையும் எனக்கே போட்டுடுங்க. நான் தாங்கிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தட்டை ணங்கென்று வைத்தேன். "இது இன்னா கோயில் பிரசாதமா, உன்கிட்ட குடுத்தனுப்ப?"

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "அவருக்கு அம்மை போட்டப்ப நான்தான் உப்பில்லாம சாப்ட்டேன், ஈரத்துணியோட கோயிலச் சுத்துனேன். அவரு எழுந்து உக்காந்தாரு. ஊசி மட்டும் ஏம்மா ஆகாது?"

பிறந்ததிலிருந்து அவளுக்குப் பழக்கியிருந்தது அதுதானே. அவனுக்காகப் பட்டினி கிடக்கலாம், மண்சோறு தின்னலாம், அவன் பாவத்தைக்கூட இவள் சுமக்கலாம். ரத்தத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது என்று மெதுவாகச் சொன்னேன். அவள் உடம்பு அவளுடையது, அவன் உடம்பு அவனுடையது என்றேன். அப்படி ஒரு பேச்சை அன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறவள்போல என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் தள்ளியே இருக்கணும்."

"ஆமா."

"எப்படிம்மா?"

ஒரே அறை வீடு. அடிக்கிற கை. வேண்டாம் என்று சொல்ல ஊரில் எந்தப் பெண்ணுக்கு வாய் இருந்தது?

வழியை அவளே கண்டுபிடித்தாள். அதே வாரம், வைகாசியில் அவர்கள் தெருவில் கங்கையம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் தோய்த்த நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை கவிச்சி கிடையாது, புருஷன் பொண்டாட்டி ஒரு பாயில் படுப்பது கிடையாது. குடித்துவிட்டு வந்த புருஷன்கூட அந்த நூலைப் பார்த்தால் இரண்டடி தள்ளித்தான் படுப்பான். இவளும் கட்டிக்கொண்டாள். திருவிழா முடிந்து எல்லோரும் அவிழ்த்தார்கள். இவள் அவிழ்க்கவில்லை. குழந்தைக்காகப் பெரிய வேண்டுதல், அம்மன் உத்தரவு வரும்வரை அவிழ்க்க மாட்டேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

எனக்கு ஜெபம்தான் தெரியும், காப்பு தெரியாது. ஆனாலும் அந்த வருஷம் அவளை எப்போது பார்த்தாலும் என் கண் முதலில் அவள் மணிக்கட்டுக்குத்தான் போகும். நூல் நைந்தால் அதன்மேலேயே புதுசு கட்டிக்கொள்வாள். அந்த நூல் வேலியைத் தாண்டி அவன் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

அடுத்த தையில் பட்டை இடிக்கும் இன்னொருத்தி சேதி கொண்டுவந்தாள். அவனுக்கு இரண்டாம் கல்யாணம். காப்பைக் கட்டிக்கொண்டு சாமியாரிணி மாதிரி உட்கார்ந்திருப்பவளால் வம்சம் விளங்காது என்று மாமியாரே ஒடுகத்தூர் பக்கம் பெண் பார்த்துவிட்டாளாம். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. இவள் தப்பித்தாள், சரி. ஒன்றும் அறியாத இன்னொரு பெண் வந்து மாட்டிக்கொள்ளப் போகிறாள். நாங்கள் ஒருத்தியைக் கழுவிக் கரையேற்றினால், வேறொருத்தியைக் கொண்டுவந்து அதே சேற்றில் தள்ளுகிறார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் அவள் வந்தாள். கூடவே புதுப்புடவையில் ஒரு பெண். நெற்றி நிறையக் குங்குமம், கண்ணில் மிரட்சி. நான் எதுவும் கேட்பதற்கு முன் அந்தப் பெண்ணின் வலது கையைப் பிடித்து என் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல். இன்னும் மஞ்சள் வெளுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு வந்தவங்க எதிர்லயே, ஊட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்ன கோயிலுக்கு இட்டாந்து நானே கட்டிட்டேன். வரம் கேட்டுக் கட்றேன்னு சொன்னேன். மாமியாதான் மஞ்சள் அரைச்சுக் குடுத்தாங்க. அவுரு நேத்து வாசல்லதான் படுத்தாரு."

"இவளுக்குத் தெரியுமா?"

"எல்லாம் சொல்ட்டேன். நீங்க எனக்குச் சொன்னீங்களே, உன் உடம்பு உன்னுதுன்னு. அதையும் சொன்னேன்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும்.

"எவ்ளோ நாள்டி இப்படியே ஓட்டுவ?" என்றேன்.

"ஓட்ட வேணாம். காலைல அவுருகிட்ட சொன்னேன். நீ ஊசிக்கு வரலைன்னா இவ அண்ணனுங்ககிட்ட சொல்ட்டு வருவேன், ஒடுகத்தூர் நடக்குற தூரந்தான்னு. எனக்கு அண்ணன் தம்பி இல்ல. இவளுக்கு இருக்காங்க." கேட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள். "மரத்தடியில நிக்கிறாரு. உள்ள உடுவீங்களா?"

புளியமரத்தடியில் ஓர் ஆள் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தான். நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பார்த்தார். பின்கட்டில் விறகு அடுக்கும் அறையைக் காலி செய்யச் சொன்னார். அவருடைய சட்டத்தை அவரே மீறி நான் பார்த்தது அன்றுதான். பின்பக்கக் கதவை நானே திறந்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அவனுக்கு ஊசிகள் எல்லாம் முடிந்து, ரத்தம் சுத்தம் என்று தெரிய அந்த வருஷம் முழுதும் ஆயிற்று. சேதி வந்த அன்று இரண்டு பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். சின்னவளின் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக் கத்தரியால் அவள் காப்பை நான் வெட்டினேன். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, "உன் கையக் குடு" என்றேன்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் நர்சம்மா. இது கட்னதுக்கு அப்பறந்தான் நான் நிம்மதியா தூங்குறேன்."